எட்டு வருடமாக எழுதுகிறேன், எனக்குத் திறமை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாதிக்கதை எழுதியது:

எட்டு வருடமாகத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முழுதாக முடித்தவை நான்கு, பாதியில் கிடப்பவை பதினொன்று. பகலில் வேறு வேலை, அதனால் விடியற்காலையில் எழுந்து ஒன்றரை மணி நேரம் எழுதுவேன். எதுவும் இன்னும் படமாகவில்லை, அதுகூடப் பெரிய வருத்தமில்லை, காத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறேன். முதல் முப்பது பக்கம் தண்ணீர் மாதிரி ஓடும். ஐம்பது வரை தம் கட்டி வந்துவிடுவேன். அறுபதாவது பக்கத்தில் உட்கார்ந்தால் கை ஓடாது, எழுதிய வசனத்தைத் திரும்பப் படித்தால் ஆட்கள் பேசுவது போலவே இல்லை, எல்லோரும் என் குரலில் எனக்கே கதையை விளக்கிக்கொண்டிருப்பார்கள், அப்புறம் அந்த நினைப்பு வந்துவிடும்: இது நமக்கு வராது, வருவதாக இருந்தால் எட்டு வருடத்தில் வந்திருக்கும். முடித்த நான்கையும் அந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தாண்டினேன்.

போன மாதம் என்னைவிடப் பத்து வயது சின்னவர் ஒருவர் தன் முதல் ஸ்கிரிப்டைப் படிக்கக் கொடுத்தார். இரண்டாம் பக்கத்திலேயே ஒரு பாட்டி கதவைத் திறக்காமல் உள்ளே இருந்தபடி பேசுகிற காட்சி. நான்கே வரி வசனம். அந்தக் குடும்பத்தின் பழைய சண்டை முழுக்க அதில் தெரிந்தது. மனதாரப் பாராட்டினேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

திறமை இல்லாதவர் பயிற்சியால் மேலே வர முடியுமா? பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

மூன்றாம்டிராஃப்ட் எழுதியது:

திறமை இல்லை என்றால் அது மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டாமா? ஏன் ஒவ்வொரு முறையும் அறுபதில்? ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வண்டி நிற்கிறது என்றால் நான் முதலில் வண்டியைத்தான் பார்ப்பேன், ஓட்டுபவரை அப்புறம்தான்.

ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. 110 பக்க ஸ்கிரிப்டில் அறுபது என்பது பாதியைத் தாண்டிய இடம். அதுவரைக்கும் நீங்கள் முதலில் யோசித்த சூழ்நிலையே கதையைத் தள்ளிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு எதிரில் நிற்பவருடைய ஆசைதான் இழுக்க வேண்டும். என் முதல் மூன்று ஸ்கிரிப்டிலும் நாயகிக்கு என்ன வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவளைத் தடுப்பவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால், அவளைத் தடுக்க வேண்டும் என்பதைத் தவிர என்னிடம் பதில் இருந்திருக்காது. அப்படிப்பட்ட ஆளுக்கு அறுபதாவது பக்கத்தில் செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது. செய்ய ஒன்றும் இல்லாதபோது கேரக்டர்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள், நீங்கள் சொல்கிற அந்த விளக்கப் பேச்சு அங்கேதான் பிறக்கிறது. பழுது தெரிவது அறுபதில், இருப்பது அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று விதைத்திருக்க வேண்டிய பதினைந்தில்.

மூன்று வருடம் நான் அதை 'எனக்கு வராது' என்றுதான் எடுத்துக்கொண்டேன். யாராவது ஒருவர் பதினைந்தாம் பக்கத்தைத் திருப்பிப் பார் என்று சொல்லியிருந்தால் போதும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காகிதக்கப்பல் எழுதியது:

மேலே சொன்னது சரி. நான் பயிற்சி பற்றி மட்டும் சொல்கிறேன்.

பத்தாயிரம் மணி நேரம் என்ற எண்ணை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். அது ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. இருபது வயதில் மிகச் சிறந்த மாணவர்களின் தனிப்பயிற்சி சராசரியாக அந்த அளவுக்கு இருந்தது. சராசரிதான், அந்தச் சிறந்த குழுவிலேயே பாதிப்பேர் அதை எட்டியிருக்கவில்லை என்று எரிக்சனே பிற்பாடு விளக்கினார். அவர் அழுத்திச் சொன்னது மணிக்கணக்கை அல்ல. எதில் பலவீனமோ அதைத் தனியே எடுத்து, உடனுக்குடன் தவறு தெரிகிற மாதிரி, திரும்பத் திரும்பச் செய்வதைத்தான் பயிற்சி என்றார்.

முழு ஸ்கிரிப்ட் எழுதுவது அந்த மாதிரி பயிற்சி ஆகாது, அது கச்சேரி. எட்டு வருடமாக நீங்கள் தினமும் கச்சேரி செய்திருக்கிறீர்கள், சாதகம் செய்த நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

நான் செய்வது: ஸ்கிரிப்ட் வெளியாகியிருக்கிற ஒரு படத்தில் ஒரு காட்சியை மட்டும் பார்ப்பேன், அது காகிதத்தில் எப்படி இருந்திருக்கும் என்று நானே எழுதுவேன், அப்புறம் அசலோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். முதல் தடவை ஒருத்தி அறைக்குள் வந்து ஜன்னலை மூடுவதற்கு நான் பதினான்கு வரி எழுதியிருந்தேன், அசலில் மூன்று வரி. எங்கே அதிகம் பேசுகிறேன் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. வாரம் இரண்டு காட்சி, ஒரு வருடம் செய்தேன். அந்த வருடம் புதிதாக எதுவும் எழுதவில்லை, ஆனால் அதற்கு முந்தைய ஐந்து வருடத்தைவிட அதிகம் கற்றுக்கொண்டேன்.

நடுவாசல் எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பயிற்சி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று சொன்னால் அது அவருக்குச் செய்கிற நியாயம் ஆகாது, பூசி மெழுக வேண்டாம் என்றுதான் கேட்டிருக்கிறார்.

2014-இல் மேக்னமாரா என்ற உளவியலாளரும் வேறு இருவரும் சேர்ந்து 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இசையில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 21 சதவீதத்தைத்தான் அந்த மாதிரி பயிற்சியால் விளக்க முடிந்தது, விளையாட்டுகளில் 18. மிச்சம் எல்லாம் பிறவித் திறமை என்று அர்த்தம் இல்லை, ஆரம்பித்த வயது, சூழ்நிலை, மனநிலை எல்லாம் அதில் அடக்கம். ஆனாலும் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை.

எனக்கு வசனக் காது கிடையாது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அது எனக்குத் தெளிவாகத் தெரியும். என்னுடன் எழுதுபவர் ஒரு ஆளை ஒருமுறை பார்த்தால் போதும், அவர் எந்தச் சொல்லை விழுங்குவார் என்றுகூட எழுதிவிடுவார். எனக்கு வருவது காட்சிகளை அடுக்குவது, எதை எப்போது மறைக்க வேண்டும், எப்போது தெரியவிட வேண்டும் என்பது. இருவரும் சேர்ந்து எழுதிய இரண்டு ஸ்கிரிப்ட் படமாயின. தனியாக எழுதியிருந்தால் இரண்டும் வந்திருக்காது, இதை நான் எந்தக் குறையும் இல்லாமல்தான் சொல்கிறேன். 'திறமை' என்று ஒற்றைச் சொல்லாகக் கேட்பதில்தான் சிக்கல். வசனம் ஒரு திறமை, அமைப்பு ஒரு திறமை, வெட்டத் தெரிவது தனித் திறமை. உங்களுக்கு முதல் முப்பது பக்கம் ஓடுகிறதே, அது பலருக்கு வராத ஒன்று.

அந்தச் சின்னவர் விஷயம்: அந்த நான்கு வரியும் அவருடைய எத்தனையாவது டிராஃப்ட் என்று கேட்டீர்களா? மைக்கேல் ஆர்ன்ட் 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' படத்தின் முதல் டிராஃப்டை 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் மூன்றே நாளில் எழுதினார். அடுத்த ஓராண்டில் ஏறத்தாழ 100 முறை திருத்தினார். 2007-இல் ஆஸ்கர் வாங்கியது அந்தத் திருத்தங்களுக்குப் பிறகான ஸ்கிரிப்ட்.

பாதிக்கதை எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று அந்தச் சின்னவரிடம் கேட்டேன். அந்தக் காட்சி முதலில் ஐந்து பக்கமாக இருந்ததாம், பாட்டி கதவைத் திறந்து எல்லோரோடும் சண்டை போடுவாராம். பதினேழாவது தடவையில்தான் கதவை மூடிவைத்தாராம்.

என் ஸ்கிரிப்டின் அறுபதாவது பக்கத்தைச் சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு அண்ணனும் தங்கையும் வீட்டைக் காலி செய்கிறார்கள். அவனுக்கு வீட்டை விற்க வேண்டும், அவளுக்கு விருப்பமில்லை. ஏழு பக்கம் அதைப் பற்றியே பேசுகிறார்கள். அண்ணனுக்கு ஏன் விற்க வேண்டும் என்று என்னிடமே சரியான பதில் இல்லை, பணம் என்று மட்டும் வைத்திருந்தேன்.

மூன்றாம்டிராஃப்ட் எழுதியது:

அவர்கள் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று வைத்து எழுதிப் பாருங்கள். அதற்கு முன்னால் அண்ணனுக்கு அந்த வீட்டில் எந்த அறைக்குள் போகப் பிடிக்காது என்று மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாதிக்கதை எழுதியது:

நான்கு நாள் ஆயிற்று. அப்பாவின் அறை. பத்து வயதில் அவனை அங்கேதான் வைத்துப் பூட்டுவார், தங்கைக்கு அது தெரியாது. இது எனக்கே தெரியாமல் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது இருவரும் சாமான்களைப் பெட்டியில் போடுகிறார்கள். ஓடாத ரேடியோவைத் தங்கை தன் பெட்டியில் வைக்கிறாள். அண்ணன் எடுத்துக் கழிக்கிற குவியலில் போடுகிறான். அவள் மறுபடி எடுத்து வைக்கிறாள். மூன்றாம் முறை அவன் ரேடியோவைத் தொடவில்லை, அப்பாவின் அறைச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டுகிறான், 'அந்த ரூமை நீயே பார்த்துக்கோ' என்கிறான். அவ்வளவுதான் வசனம். இரண்டரைப் பக்கம் வந்திருக்கிறது. பதினைந்தாம் பக்கத்தில் அந்தக் கதவை அவன் தாண்டிப் போகிற விதத்தை மாற்ற வேண்டும், நாளை காலை அதில்தான் உட்காரப்போகிறேன்.