பியூனுக்கு ரத்த அழுத்தம் 160, மேலதிகாரிக்கு 120: எப்படி?

கேள்வி (கோப்புக்காரன்):
அலுவலகத்தில் கடைநிலை ஊழியன் நான். புகை, மது இரண்டும் கிடையாது. நாள் முழுக்கக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்குகிறேன். பரிசோதனையில் ரத்த அழுத்தம் 160/100. நாற்காலியை விட்டு எழாத என் மேலதிகாரிக்கு 120/80. ‘டென்ஷனைக் குறையுங்கள்’ என்கிறார் டாக்டர். டென்ஷன் பெரிய பதவிக்காரர்களுக்கு அல்லவா வரும்?

பதில் (நேர்ப்பேச்சு):
உப்பைக் குறையுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள். பதவிக்கும் ரத்தக் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?

பதில் (ஆலைச் செவிலி, ஓய்வு):
சம்பந்தம் உண்டு. பிரிட்டனில் 1967-இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு, சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்தது. எல்லோருக்கும் நிலையான வேலை, இலவச மருத்துவம். இருந்தும் இதய நோயால் கடைநிலை ஊழியர்கள் இறந்த விகிதம், உயரதிகாரிகளைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. புகை, கொழுப்பு என்று தெரிந்த காரணங்களையெல்லாம் கழித்த பிறகும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியது. அதுவும் படிக்குப் படி: இரண்டாம் நிலை அதிகாரிகூட முதல் நிலை அதிகாரியைவிட மோசம்.

1985-இல் பெண்களையும் சேர்த்து இரண்டாவது ஆய்வு தொடங்கியது. வேலையில் தன் சொல்லுக்கு இடமில்லாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது அதில் தெரிந்தது. ஒயிட்ஹால் ஊழியர்களிடம் அளந்து பார்த்ததில், வேலை நேரத்தில் ரத்த அழுத்தம் மேல் பதவி, கீழ்ப் பதவி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வீடு திரும்பியதும் அதிகாரிகளுக்கு நன்றாக இறங்கியது, கீழே இருப்பவர்களுக்கு அவ்வளவாக இறங்கவில்லை.

எனக்கு இதில் வியப்பே இல்லை. எங்கள் ஆலையில் பெல்ட்டில் நிற்கும் பெண்கள் கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் கை தூக்கிக் கேட்க வேண்டும். கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுவார்கள். பிறகு சிறுநீர்த் தொற்றோடு என்னிடம் வருவார்கள். ‘நிறையத் தண்ணீர் குடிக்கவும்’ என்று சீட்டில் டாக்டர் எழுதுவார். யாரைக் கேட்டுக் குடிப்பது என்று எழுதமாட்டார்.

நேர்ப்பேச்சு ஐயா சொன்ன உப்பும் தூக்கமும் சரிதான். ஆனால் இரவுப் பணி போடுவது யார் கையில் இருக்கிறது?

கோப்புக்காரன் தம்பி, டாக்டர் மாத்திரை தந்திருந்தால், இதைப் படித்துவிட்டு அதை விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் அளந்து, எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள்.

கோப்புக்காரன்:
நன்றி அக்கா. கருவி இரவல் கிடைத்துவிட்டது. விடுமுறை நாளிலும் மேலதிகாரி போனில் கூப்பிடுவார். அந்த நாளையும் கணக்கில் சேர்க்கலாமா?

ஆலைச் செவிலி:
கட்டாயம் சேருங்கள். போன் வந்த நேரத்தையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.