குசினிக்குள் எலி, வீட்டில் சின்னப் பிள்ளை, நஞ்சு வைக்கப் பயம். என்ன செய்யலாம்?

கண்டாவளைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். காலபோக அரிவு வெட்டு முடிந்த கிழமையிலிருந்து வீட்டில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. பின்வேலியைத் தாண்டினால் வயல் வரம்பு. கல்வீடு, சீமெந்து நிலம், மேலே ஓடு, ஓட்டுக்குக் கீழே சீலிங். குசினி மட்டும் பிறகு தகரம் போட்டு இறக்கியது. விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லுமாக இருபத்திரண்டு மூட்டை முன் அறையில் சுவரோடு சேர்த்து அடுக்கியிருக்கிறோம்.

முதலில் ஒன்றிரண்டுதானே என்று விட்டுவிட்டோம். இப்போது லைற்றை நூர்த்துப் படுத்தால் பத்து நிமிடத்தில் குசினியில் சட்டி மூடி சத்தம் போடுகிறது. சீனிப் பையில் ஓட்டை, மாப் பேணிக்குப் பின்னால் புழுக்கை, மகளின் கணக்குக் கொப்பி ஓரமெல்லாம் அரிந்து தூளாகக் கிடக்கிறது, பிரிட்ஜ் வயரின் தோலைக்கூட விடவில்லை.

செய்து பார்த்தவை: ஒட்டு அட்டை வைத்தேன், முதல் நாள் இரண்டு பல்லி, அடுத்த நாள் மூக்கு நீண்ட ஒன்று ஒட்டிக்கொண்டு கீச்சிட, மாமி பிள்ளையாரின் வாகனத்தைக் கொல்லுகிறாய் என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. கடையொன்றில் பேப்பரில் சுற்றித் தந்த கறுப்புத் தூளைச் சோற்றில் பிசைந்து வைத்தேன், ஏதோ ஒன்று சீலிங்குக்குள் போய்ச் செத்து ஒரு கிழமை வீட்டில் இருக்க முடியாத நாற்றம், நீல ஈ வேறு. மூவாயிரம் ரூபாய்க்கு பிளக்கில் செருகுகிற சத்தக் கருவியும் வாங்கினோம். அதன் மேலேயே ஒரு நாள் புழுக்கை கிடந்தது. மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது, கோழிகள் வளவில் அவிழ்த்துவிட்டபடி. இனி நஞ்சு வைக்க மனமில்லை. யாராவது வழி சொல்லுங்கோ.

வரம்போரம்:
தங்கச்சி, முதலில் புழுக்கையைப் பாருங்கோ. அரிசியை விடச் சின்னதாய், கருஞ்சீரகம்போல நுனி கூராக இருந்தால் சுண்டெலி. நெல்மணியை விடப் பெரிதாய் வளைந்திருந்தால் கூரை எலி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சத்தம் நிலத்திலா, மேலேயா? எத்தனை மணிக்கு?

கண்டாவளைக்காரி:
அண்ணை, ரோச் அடித்துப் பார்த்தேன். குசினியில் இருப்பது எல்லாம் சின்னது. ஆனால் நெல் மூட்டைக்கு மேலே கொஞ்சம் பெரியதும் கிடக்கிறது. சீலிங்கில் விடிய மூன்று நாலு மணிபோல யாரோ ஓடுகிற மாதிரிச் சத்தம் வருகிறது.

வரம்போரம்:
அப்போ உங்களுக்கு இரண்டு விருந்தாளி. குசினியில் சுண்டெலி, மேலே கூரை எலி. வயல் வெட்டியதும் தீனியும் மறைவும் போய்விடும், பிறகு கிட்ட இருக்கிற வீடுதான் அதற்கு வயல். ஒவ்வொரு வருடமும் மாசியில் இந்தக் கதைதான். அட்டையில் ஒட்டிய மூக்கு நீண்டது எலியே இல்லை, மூஞ்சூறு. அது கரப்பான், பூச்சி தின்கிற சாதி, நெல்லைத் தொடாது. நாற்றத்துக்காகப் பூனைகூட அதைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். அடுத்த முறை ஒட்டினால் சமையல் எண்ணெயை மெல்ல ஊற்றினால் பசை விடும், வெளியில் விட்டுவிடலாம். மாமி சொன்னதில் பாதி சரி.

பரந்தன் பக்கம்:
இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. அந்தக் கறுப்புத் தூளைத்தான் நாங்களும் பாவிக்கிறோம். கருவாட்டில் தடவி வையுங்கள், இரண்டு இரவில் துப்புரவு. நாற்றம் வரத்தான் செய்யும், சாம்பிராணி போடுங்கள்.

வெள்ளைத்தொப்பி:
மன்னிக்க வேண்டும், இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். பேப்பரில் சுற்றித் தருகிற கறுப்புத் தூள் அநேகமாக சிங்க் பொஸ்பைட். வயிற்று அமிலத்தோடு சேர்ந்தால் பொஸ்பீன் என்கிற நச்சு வாயுவாக மாறும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. உடம்பைத் தாங்கிப் பிடித்துப் பார்ப்பதைத் தவிர வைத்தியர்களுக்கும் வழியில்லை. கருவாட்டில் தடவிய நஞ்சை மூன்று வயதுப் பிள்ளை கண்டால் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் அடுப்பில் போடாதீர்கள், தண்ணீரிலும் கரைக்காதீர்கள். பூட்டி வைத்துவிட்டு, எப்படி அழிப்பது என்று பி.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கேளுங்கள். தப்பித்தவறி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், சுற்றிய பேப்பரையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி.

கட்டியாக விற்கிற நஞ்சு இரத்தம் உறையாமல் செய்கிற வகை. எலி சாக மூன்று நாளிலிருந்து ஒரு கிழமைவரை ஆகும், அதற்குள் அது எங்கே போய்ப் படுக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படித் தள்ளாடுகிற எலியை ஆந்தையோ பூனையோ பிடித்துத் தின்றால் அதுவும் போச்சு. வயல்வெளியில் எங்களுக்காக எலி பிடிக்கிறதே அவைதான்.

இன்னொன்று, புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், தூசி மூச்சில் போகும். புளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். எலியின் சிறுநீரில்தான் எலிக்காய்ச்சல் கிருமி. கீறல், புண் வழியாக ஏறும். 2024 டிசம்பரில் மழைக்குப் பிறகு யாழ்ப்பாணப் பக்கம் அதனால் ஆட்கள் இறந்தது மறந்திருக்காது. காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்றால் பனடோல் போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம், வயலுக்குள் இறங்கியதையும் வீட்டில் எலி இருப்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பரந்தன் பக்கம்:
சரி அக்கா, எனக்கு இவ்வளவு தெரியாது. எங்கள் வீட்டிலும் ஒரு பை கிடக்கிறது, எடுத்துப் பூட்டி வைக்கிறேன்.

ஆணிக்கடைத் தம்பி:
அக்கா, நான் ஹாட்வெயார் கடையில் நிற்கிறேன். ஆட்கள் வந்து ஒரே ஒரு பொறி வாங்கிக்கொண்டு போவார்கள், பத்து நாளில் திரும்பி வந்து பொறி சரியில்லை என்பார்கள். சுண்டெலி தன் பொந்திலிருந்து பத்து மீற்றருக்கு மேல் பெரும்பாலும் போகாது. நீங்கள் ஒரு மூலையில் பொறியை வைத்தால் அடுத்த மூலையில் குடியிருக்கிறது அதைக் கண்ணாலும் காணாது. ஆகக் குறைந்தது ஆறு வேண்டும், சின்னப் பலகைப் பொறி. ஆறடிக்கு ஒன்றாய்ச் சுவரோடு வையுங்கோ, இரை வைக்கிற பக்கம் சுவரை முட்ட வேண்டும், பொறி அறைப்பக்கம் நீட்டிக்கொண்டு குறுக்காக நிற்க வேண்டும். எலி மீசையைச் சுவரில் உரசிக்கொண்டுதான் ஓடும், நடு அறையில் வைத்தால் நீங்கள்தான் மிதிப்பீர்கள்.

இரை பெரிதாக வைக்காதீர்கள். தேங்காய்ச் சொட்டு பெரிய துண்டாக வைத்தால் ஓரத்தில் கவ்விக்கொண்டு போய்விடும், பொறி விழாது. கச்சான் (நிலக்கடலை) பருப்புப் பாதி போதும், நூலால் கட்டிவிடுங்கோ. இழுத்தால்தான் கிடைக்கும், இழுத்தால் விழும். பிள்ளை இருப்பதால் பொறியை அலுமாரிக்குப் பின்னால், அல்லது இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய செருப்புப் பெட்டிக்குள் வையுங்கோ.

சத்தக் கருவி பற்றிக் கேட்காதேங்கோ, நானே இரண்டு விற்றேன், இரண்டும் திரும்பி வந்தது. அந்தச் சத்தம் மூட்டையைத் தாண்டிக்கூடப் போகாது.

கண்டாவளைக்காரி:
நன்றி தம்பி. ஆனால் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் முடிவு வருமா? கதவெல்லாம் பூட்டித்தான் படுக்கிறோம்.

வரம்போரம்:
அதுதான் கேள்வி. உங்கள் சுண்டுவிரல் நுழையாத ஓட்டையிலும் சுண்டெலி நுழையும். ஆறு ஏழு மில்லிமீற்றர் போதும், ஒரு பென்சில் தடிப்பு. இரவு படுக்கப் போகும்போது அரிசி மாவை மெல்லிசாகச் சுவரோரம் தூவி விடுங்கோ, விடியக் கால்தடம் வழி காட்டும்.

நெல் மூட்டையைச் சுவரோடு சாத்தியது பெரிய பிழை. எங்கள் அப்பு காலத்தில் நிலத்திலிருந்து உயர்த்திக் கொம்பறை கட்டி நெல் போட்டது சும்மாவா? குற்றி போட்டு அதன்மேல் பலகை, நிலத்திலிருந்து ஒரு அடி, சுவரிலிருந்து ஒரு அடி, பின்பக்கம் ஆள் போய்க் கூட்ட இடம் இருக்க வேண்டும். விதைநெல்லையாவது மூடி இறுகிய பரலுக்குள் போடுங்கோ, நன்றாகக் காய்ந்த பிறகு. மூட்டைக்குள் வேப்பிலையும் நொச்சியும் போடுவது வண்டுக்கு, எலிக்கு இல்லை. கிளிநொச்சியில் பிறந்த எலி நொச்சிக்குப் பயப்படுமா?

வளவில் வைக்கோல் கும்பி, ஓட்டுக் குவியல், வெட்டிப்போட்ட கதியால் எதுவும் வீட்டோடு ஒட்டிக் கிடக்கக்கூடாது. போன வருடம் எங்கள் குசினி வாசலில் எலிக்குப் பின்னால் வந்த நாகத்தைக் கண்ட பிறகுதான் நான் இதெல்லாம் செய்யத் தொடங்கினது. எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வழி கேட்காது.

கண்டாவளைக்காரி:
மாத் தூவிப் பார்த்தேன்! விடிய எழும்பிப் பார்த்தால் கோலம் போட்டதுபோல. மாப் பேணிக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் குட்டிக் குட்டிக் கால், நடுவில் வால் இழுத்த கோடு, எல்லாம் போய்ச் சேருகிற இடம் சிங்கிற்குக் கீழே. குனிந்து பார்த்தால் கழிவுத் தண்ணீர்க் குழாய் சுவருக்கு வெளியே போகிற இடத்தில் குழாயைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி, ஓரமெல்லாம் எண்ணெய் பூசியதுபோலக் கறுப்பு மினுக்கம். ஐந்து வருடமாக அந்தச் சிங்கில் கோப்பை கழுவுகிறேன், ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. பின்கதவுக்கு அடியிலும் விரல் போகிறது. உடனே அடைத்துவிடட்டா?

ஆணிக்கடைத் தம்பி:
இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கோ அக்கா. அடைத்துவிட்டுப் பொறி வைக்காவிட்டால் உள்ளே இருக்கிறது உள்ளேயே குட்டி போடும். மூன்று கிழமைச் சூல், ஒரு ஈற்றில் ஐந்தாறு. பொறி வைத்துவிட்டு அடைக்காவிட்டால் வயலில் உள்ள எலியையெல்லாம் நீங்கள்தான் பிடித்து முடிக்க வேண்டும். சட்டி தேய்க்கிற கம்பிச் சுருளைத் திணித்து அதன்மேல் சீமெந்து பூசுங்கோ. துணி, சாமான் பெட்டிக்குள் வருகிற ரெஜிபோம் அடைத்தால் அது அதற்குப் படுக்கை. பின்கதவின் அடியில் தகரப் பட்டி அடியுங்கோ. கோழிக்கூட்டு வலை வேண்டாம், அதன் கண் பெரிது. கால் அங்குலக் கம்பிவலை கேட்டு வாங்குங்கோ.

மல்லாவி மச்சாள்:
நாங்கள் பூனை வளர்க்கிறோம். ஒன்று பிடிக்கும், மூன்றை வேடிக்கை பார்க்கும், கருவாட்டை நாங்கள் ஒளிக்க வேண்டும். இருந்தாலும் பூனை இல்லாத வீட்டை விடப் பரவாயில்லை.

கண்டாவளைக்காரி:
ஒன்பது நாளாயிற்று, கணக்குச் சொல்கிறேன். எட்டுப் பொறி வைத்தோம். முதல் இரவு நாலு, அடுத்த நாள் மூன்று, பிறகு இரண்டு, ஒன்று, ஒன்று. கடைசி மூன்று நாளும் சுகம். மொத்தம் பதினொன்று, நான் மூன்று நாலு என்றுதான் நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் மாமி பொறி வைக்க விடவில்லை, அன்று இரவு சட்டி மூடி ஒரு தடவை விழுந்தது, அவவும் கேட்டவ, ஒன்றும் சொல்லவில்லை. மாவும் பருப்பும் பால்மாப் பேணிகளுக்குள் போய்விட்டது. மூட்டையெல்லாம் பலகைக்கு மேல், அவர் முணுமுணுத்துக்கொண்டுதான் தூக்கினார்.

ஆனால் சீலிங்கில் ஓடுகிறது இன்னும் ஓடுகிறது. பெரிய பொறி ஒன்று மேலே வைத்தோம், கிட்டவே வரவில்லை.

வரம்போரம்:
கூரை எலி சுண்டெலி மாதிரி இல்லை, புதுச் சாமானைக் கண்டால் ஒதுங்கிப் போகும். பொறியை ஏற்றாமல், இரையை மட்டும் வைத்து நாலைந்து நாள் தின்ன விடுங்கோ. பயம் தெளிந்த பிறகு ஏற்றுங்கோ. அதோடு, சுண்டெலி தீனியில் உள்ள ஈரத்தோடேயே காலம் தள்ளும், கூரை எலிக்குத் தண்ணீர் குடித்தாக வேண்டும். இரவில் வாளி, கோழிச் சட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கோ. வீட்டுக்கு மேலே மரம் ஏதும் சாய்ந்து நிற்கிறதா?

கண்டாவளைக்காரி:
மாமரம். ஒரு கொப்பு ஓட்டிலேயே படுத்திருக்கிறது.

வரம்போரம்:
அதுதான் அதன் றோட்டு. ஒரு மீற்றருக்கு மேலே பாயும், அதனால் ஆறேழு அடி இடைவெளி வரும்படி வெட்டுங்கோ. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள வெளிக்குக் கம்பிவலை, ஆனால் மேலே உள்ளது பிடிபட்ட பிறகு. முந்தினால் திரும்பவும் அந்த நாற்றம்.

கண்டாவளைக்காரி:
பிடிபட்டுவிட்டது! ஐந்து நாள் சும்மா தின்னவிட்டு ஆறாம் நாள் பொறியை ஏற்றினோம், விடிய மூன்றரைக்கு அறைந்த சத்தத்தில் பிள்ளையே எழும்பிவிட்டான். அடுத்த இரவும் ஒன்று. மூன்று நாள் சத்தமில்லை, நேற்று அவர் கொப்பை வெட்டி வலையும் அடித்தார்.

இரை என்ன தெரியுமா? அவர் மாங்குளம் போய் வரும்போது முறிகண்டியில் இறங்கி வாங்கி வந்த கச்சான். பையைப் பார்த்துவிட்டு மாமி கேட்டா, பிள்ளையார் கோயிலடியில் வாங்கினதையா பிள்ளையாரின் வாகனத்துக்கு வைத்தனீ என்று. அது மூஞ்சூறு மாமி, இது கூரை எலி என்று வரம்போரம் அண்ணை சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மிச்சக் கச்சானை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டா.