வளவுக் குடும்பம் குழு: கிணற்றடி ஈத்தமரம் (பேரீச்சை)

ஜெஸீமா: அஸ்ஸலாமு அலைக்கும். சனிக்கிழமை மேசன் வருகிறார். குசினியைப் பின்பக்கம் நீட்டுகிறோம், அதற்குக் கிணற்றடி ஈத்தமரத்தை எடுக்க வேண்டும். கலியாணத்துக்கு முன் வேலை முடிய வேண்டும். எங்களுக்குச் சொல்லவில்லை என்று மறுகா ஒருவரும் வரக் கூடாது.

றஹீம்: வஅலைக்கும் ஸலாம். எது, வாப்பா நட்டதா?

ஜெஸீமா: இந்த வளவில் வேறு எது இருக்கிறது காக்கா

பௌசியா: யா அல்லாஹ். மதீனாவிலிருந்து வந்த அஜ்வாப் பழத்தின் கொட்டையில் முளைத்தது அது.

முபாரக்: மதினி, இத்தனை வருசத்தில் ஒரு காய் கண்டோமா? இப்போதுதான் பாளை வந்தது. வந்தும் என்ன, வெடித்து வெள்ளைத் தூளாகக் கொட்டுகிறது. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் தூள். மலட்டு மரம்.

பௌசியா: அந்தச் சொல்லை இங்கே எழுத வேண்டாம் தம்பி. ஸப்ரா பிறக்கும் வரை அதை அந்த வளவிலேயே கேட்டவள் நான்.

முபாரக்: மரத்தைத்தான் சொன்னேன் மதினி

றஹீம்: சரி சரி. விடுங்கள்.

ஸப்ரா: சாச்சி, கொஞ்சம் பொறுங்கள். பாளையைக் கிட்டவாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் அஸ்கியிடம்.

அஸ்கி: (படம்)

அஸ்கி: (படம்)

அஸ்கி: தும்மல் வருகிறது ராத்தா

ஸப்ரா: இரண்டாவது படம் நல்ல தெளிவு. எல்லோரும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பூவிலும் தடித்த வெள்ளை இதழ் மூன்று, நடுவில் தூள் தரும் ஆறு கேசரம். அந்தத் தூள்தான் மகரந்தம். இது மலடு இல்லை, ஆண் மரம். பெண் மரத்தின் பூ மஞ்சளாக, உருண்டையாக இருக்கும், தட்டினாலும் தூள் வராது. ஈத்தமரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் மரத்திடம் பழம் கேட்டால் அது எங்கே போகும்? கொட்டை போட்டு முளைக்க வைத்தால் ஏறத்தாழ பாதிக்குப் பாதி ஆணாகத்தான் வரும். பாளை வரும் வரை பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

நிஸார்: அப்படியென்றால் மெயின் ரோட்டில் நடுவே நிற்கிற மரங்கள்?

ஸப்ரா: காய்ப்பதெல்லாம் பெண் மரம் மாமா.

ஜெஸீமா: ஆண் என்றால் இன்னும் லேசு. வெட்டலாம்.

றஹீம்: ஹா ஹா

பௌசியா: அஜ்வா ஆண் மரம் என்று சொல்கிறாயா மகள்?

ஸப்ரா: அஜ்வாவும் இல்லை உம்மா. கோபிக்க வேண்டாம், முழுதாகக் கேளுங்கள். அஜ்வா, மெட்ஜூல், கலாஸ் இதெல்லாம் தனித்தனி வகை. அந்த வகையை அப்படியே வைத்திருக்க வேண்டுமென்றால் தாய்மரத்தின் அடியில் வரும் பக்கக் கன்றைப் பிரித்து நட வேண்டும், இல்லையென்றால் இழைய வளர்ப்பு, அதாவது மரத்தின் சிறு துண்டை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுப்பது. கன்று என்பது தாயின் அதே உடம்பு. தலைமுறை தலைமுறையாக அரபு விவசாயிகள் அந்த ஒரே உயிரைத்தான் கைமாற்றிக் கொண்டு வந்திருக்கிறார்கள். கொட்டை அப்படியில்லை. அதில் தாயின் பங்கு பாதி, எந்த மரத்தின் மகரந்தம் விழுந்ததோ அந்த மரத்தின் பங்கு பாதி. அதனால் நம் வளவில் நிற்பது வேறெங்கும் இல்லாத மரம். பெயர் வைப்பதென்றால் நாம்தான் வைக்க வேண்டும்.

றஹீம்: இங்கே டோஹாவில் கலாஸ்தான் எல்லாக் கடையிலும்

ஸப்ரா: மாமா, அந்தக் கலாஸைத்தான் முதலில் படித்தார்கள். உங்கள் டோஹாவில் இருக்கிற வெய்ல் கோர்னெல் மருத்துவக் கல்லூரி ஆட்கள்தான் 2011இல் ஈத்தமரத்தின் டிஎன்ஏ வரைபை வெளியிட்டார்கள். மனிதருக்குப் போல இதிலும் ஆணுக்கு எக்ஸ் வை குரோமோசோம், பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ் என்பதற்கு அதில் சான்று கிடைத்தது. 2018இல் பீனிக்ஸ் பேரினத்தின் 14 இனங்களையும் எடுத்து, ஆணில் மட்டும் உள்ள மரபணுக்களைத் தேடிப் பார்த்தார்கள். ஈத்தமரமும் நம் காட்டு ஈச்சையும் அந்தப் பேரினம்தான்.

றஹீம்: அந்தக் கல்லூரி எஜுகேஷன் சிட்டியில்தானே? அந்த வழியாகத்தான் தினமும் வேன் ஓட்டுகிறேன்.

நிஸார்: டிக்கெட் எப்போது போடுகிறாய் றஹீம்

றஹீம்: லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்

ஜெஸீமா: போன கலியாணத்துக்கும் இதைத்தான் சொன்னீர்கள் காக்கா

முபாரக்: மகள், பாடமெல்லாம் நல்லதுதான். மேசனுக்கு முற்பணம் கொடுத்தாகிவிட்டது.

றஹீம்: வெட்டாமல் கிளப்பி வேறிடத்தில் நடலாமே. இங்கே கிரேன் வைத்துப் பெரிய மரத்தையே மாற்றுகிறார்கள்.

முபாரக்: எங்கள் ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்பவே இடமில்லை மச்சான்

நிஸார்: ஒன்று சொல்கிறேன். பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டத்தில் 59ஆவது விதி: தோட்டச் சொந்தக்காரனுக்குத் தெரியாமல் அவன் தோட்டத்து மரத்தைத் தறித்தால் அரை மினா வெள்ளி கொடுக்க வேண்டும். ஏறத்தாழ கால் கிலோ. அடுத்தடுத்த விதிகளில் ஈத்தந்தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவதும் வருகிறது. பாபிலோனில் அன்றைக்கே மரத்துக்கு அவ்வளவு மதிப்பு.

ஜெஸீமா: வீட்டு உறுதிப்பத்திரம் என் பெயரில் இருக்கிறது காக்கா

நிஸார்: வீட்டு உறுதி உன் பெயரில்தான், நான் இல்லை என்று சொன்னேனா

பௌசியா: அது வேண்டாம் இப்போது.

அஸ்கி: உம்மம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். சொல்வதை எழுதச் சொல்கிறார்.

அஸ்கி: "அவர் நட்டார் என்று ஆர் சொன்னது? நோன்பு திறந்துபோட்டு கொட்டையைக் கிணற்றடியில் எறிந்தார். முளையைக் கண்டு ஆடு தின்னாமல் கம்பு குத்தினது நான். பழம் பள்ளியில் பங்கு வைத்தது. மதீனாப் பழமெல்லாம் அதுக்கு முந்தியே முடிஞ்சு போச்சு."

றஹீம்: என்ன???

பௌசியா: உம்மா இத்தனை காலமும் சொல்லவே இல்லையே

அஸ்கி: "ஆரும் கேட்கயில்ல" என்கிறார்

அஸ்கி: இன்னும் சொல்கிறார், சின்ன வயதில் காட்டுக்குப் போய் ஈச்சம்பழம் பிடுங்குவார்களாம். கொட்டை பெரிது, சதை கொஞ்சம்தானாம். அந்த ருசி கடைப்பழத்தில் இல்லையாம்.

ஸப்ரா: உம்மம்மா நட்ட மரம்! இது எனக்கு இன்னும் சந்தோசம். பள்ளிப் பழம் எந்த நாடு என்று நமக்குத் தெரியாது, ஆனால் மரத்துக்குத் தெரியும். 2015இல் 12 நாடுகளின் 62 வகைகளை எடுத்து டிஎன்ஏ முழுவதையும் படித்தார்கள். எல்லாம் இரண்டு பெரிய கூட்டமாகப் பிரிந்தன. ஒன்று வளைகுடா, ஈராக் பக்கம். மற்றது மொரோக்கோ, டியூனிசியா பக்கம். ஒரு ஓலைத் துண்டை வைத்து இது எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று சொல்லலாம்.

நிஸார்: முதலில் வளர்த்தது எந்தப் பக்கம்? அதைச் சொல்.

ஸப்ரா: வளைகுடாப் பக்கம் மாமா. அபுதாபியின் தல்மா தீவிலும் குவைத்தின் ஸபிய்யாவிலும் ஏறத்தாழ 7000 வருசம் பழைய ஈத்தங்கொட்டைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அவை நட்டு வளர்த்த மரத்தில் வந்ததா, காட்டு மரத்தில் வந்ததா என்று கொட்டையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. காட்டு ஈத்தமரமே இன்று எங்கும் இல்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2017இல் ஓமான் மலைப்பகுதியில் ஒதுக்கமாக நின்ற சில கூட்டங்களை ஆராய்ந்து, அவை தோட்டத்திலிருந்து தப்பியவை அல்ல, உண்மையான காட்டு மரங்களின் வாரிசு என்று காட்டினார்கள். அவற்றின் கொட்டை சிறியது, உருண்டை. தோட்டத்து வகையின் கொட்டை நீளம். எனக்குப் பிடித்தது மற்றக் கதை. வட ஆபிரிக்க மரங்களுக்குள் கிரீட் தீவில் நிற்கும் வேறொரு இனத்தின் இரத்தம் கலந்திருக்கிறது. 2019இல் அது உறுதியானது. எகிப்தின் சக்காராவில் கிடைத்த ஏறத்தாழ 2100 வருச ஓலையிலும் அந்தக் கலப்பின் தடயம் இருந்தது. அதனால் ஒரு ஊரில் ஒரு நாளில் வளர்ப்பு மரமாகி முடிந்த கதை இல்லை இது. போன இடமெல்லாம் அங்கிருந்த சொந்தத்தோடு கலந்துகொண்டே போயிருக்கிறது.

முபாரக்: கலியாணச் சாப்பாட்டுக்குச் சகன் தட்டு எத்தனை பேருக்கு என்று இன்றைக்குச் சொல்ல வேண்டும். ஆக்குகிற ஆள் கேட்கிறார்.

பௌசியா: எங்கள் பக்கம் பத்து சகன் போடுங்கள்

நிஸார்: பத்தா? போன முறை ஐந்து மிஞ்சியது

பௌசியா: மிஞ்சியது உங்கள் ஆட்கள் வராததால்

ஸப்ரா: சாச்சி, ஒரு நிமிசம். மஸாடா விதைக் கதை தெரியுமா? சாக்கடல் ஓரத்து மலைக்கோட்டை. 1960களில் தோண்டியபோது கிடைத்த ஏறத்தாழ 2000 வருசக் கொட்டை ஒன்றை 2005இல் நட்டார்கள், முளைத்தது. வளர்ந்து பாளை விட்டபோது பார்த்தால் ஆண். மெதூசலா என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை யாரும் வெட்டவில்லை. பிறகு அதே மாதிரிப் பழைய விதைகள் இன்னும் ஆறு முளைத்தன. அவற்றில் ஹன்னா என்ற பெண் மரத்துக்கு மெதூசலாவின் மகரந்தத்தை ஏற்றினார்கள். 2020இல் பழம் பறித்தார்கள்.

றஹீம்: மாப்பிள்ளை பெண்ணுக்காகக் காத்திருந்திருக்கிறார்

அஸ்கி: நம் மரத்துக்குப் பெண் பார்க்கவா

ஸப்ரா: பெண் பார்த்தாகிவிட்டது! அதற்குத்தான் வருகிறேன். ஆரையம்பதியில் தர்ஷினி வீட்டில் பெண் மரம் நிற்கிறது. வருசா வருசம் குலை தள்ளும், ஆனால் பக்கத்தில் ஆண் மரம் இல்லை. காய் ஒவ்வொன்றும் மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு வந்து, சிறுத்து, பச்சையாகவே கிடக்கும். நான் ஒன்றைப் பிளந்து பார்த்தேன், உள்ளே கொட்டை இல்லை. மகரந்தம் விழுந்தால் அந்த மூன்றில் ஒன்று மட்டும் நின்று பழமாகும், மற்ற இரண்டும் உதிரும். ஒரு ஆண் மரத்தின் தூள் ஐம்பது பெண் மரத்துக்குக் காணும். பாளை வெடித்த உடனே பூக்கதிர்களை வெட்டி, நிழலில் காய வைத்து, பெண் பாளை விரிந்ததும் உள்ளே இரண்டு கதிர்களைச் செருகிக் கட்டிவிட்டால் போதும்.

பௌசியா: மதீனாவாசிகள் இப்படிச் செய்ததைப் பற்றி ஹதீஸ் இருக்கிறதே

நிஸார்: ஓம். ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில். உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிவீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது அந்த இடத்தில்தான்.

ஜெஸீமா: தர்ஷினி வீட்டு மரம் பழுக்க என் குசினி நிற்க வேண்டுமா மகள்?

ஸப்ரா: குசினியை நிறுத்தச் சொல்லவில்லை சாச்சி. முதல் படத்தில் அடிமரத்தின் இடது பக்கம் பாருங்கள், ஒரு பக்கக் கன்று நிற்கிறது. அதைப் பிரித்து நட்டால் அது இதே மரம்தான். ஆனால் வேர் பிடிக்கும் வரை தாயை விட்டு வையுங்கள். சில கன்று பிடிக்காமல் போகும்.

நிஸார்: கன்றை நான் ஒல்லிக்குளம் காணியில் நடுகிறேன்

ஜெஸீமா: யாருடைய ஒல்லிக்குளம் காணி?

றஹீம்: அது இன்னும் பங்கு பிரிக்கவில்லை காக்கா

நிஸார்: மரம் நடத்தானே கேட்டேன்

பௌசியா: கன்று என் வீட்டுக்கு வரட்டும்.

முபாரக்: மேசனிடம் பேசினேன். முன் மதிலை முதலில் கட்டச் சொன்னேன். பின்பக்கம் கலியாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார். ஜெஸீமா என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை.

ஜெஸீமா: பக்கத்தில்தானே இருக்கிறேன், என்னிடம் கேட்க முடியாதா? பிறகு என்றால் பிறகுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே யாராவது வந்து அந்தப் பாளையை வெட்டுங்கள், உடுப்பு காயப் போட வேண்டும்.

ஸப்ரா: காலையில் வருகிறேன் சாச்சி. வெடிக்காத பாளை இன்னொன்று உச்சியில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். அஸ்கி, பெரிய கடதாசிப் பை எடுத்து வை, பொலித்தீன் வேண்டாம்.

அஸ்கி: ஏணி?

முபாரக்: ஏணி நிஸார் மச்சான் வீட்டில். கொண்டுபோய்த் திருப்பித் தரவே இல்லை.

நிஸார்: அது என் ஏணி

பௌசியா: கலியாணக் கார்டின் மாதிரி வந்திருக்கிறது, யாராவது பார்த்தீர்களா? வாப்பா காலமானவர், அவர் பெயருக்கு முன் மர்ஹூம் என்று போடவில்லை.

றஹீம்: அச்சுக்குப் போய்விட்டதா?

ஜெஸீமா: மஃரிபுக்குப் பிறகு கொடுப்பதாகச் சொன்னார்கள்

பௌசியா: இப்போதே அச்சகத்துக்குக் கோல் எடு