போர் தண்ணீரில் துவைத்த வெண்பட்டு வேட்டி விறைத்துப்போனது ஏன்?

கேள்வி (அழகாபுரம், சேலம்):
என் திருமணத்துக்கு எடுத்த வெண்பட்டு வேட்டியை ஆறு ஆண்டுகளாகப் போர் தண்ணீரில், துணி சோப்புப் போட்டுத் துவைத்து வருகிறோம். இப்போது அது பழுப்பேறி, காய்ந்த பின் மடித்தால் மடிப்பு ஓரம் அட்டை போல விறைத்து நிற்கிறது. அதோடு எடுத்த இன்னொரு வேட்டி, மேட்டூர் தண்ணீர் வரும் அண்ணன் வீட்டில் இன்றும் வெளுப்பு மாறாமல் இருக்கிறது. குறை தண்ணீரிலா, எங்கள் துவைப்பிலா? இதை மீட்க வழியுண்டா?

பதில் 1 (வேதியியல் ஆசிரியர்):
இரண்டிலும் இருக்கிறது. மாக்னசைட் எனும் வெள்ளைக்கல் கிடைக்கும் ஊர் இது. நிலத்தடி நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருந்தால் அவை சோப்போடு சேர்ந்து, கரையாத பிசுக்காக மாறி இழைகளுக்கிடையே தங்கிவிடும். விறைப்பு அதனால்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, இந்த இரண்டின் அளவைக் குறிக்கும் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராமாக வைத்து, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கிறது. குடிக்க ஏற்ற நீரும் சோப்புக்கு ஒத்துவராமல் போவது இதனால்தான். ஒரு புட்டியில் பாதி போர் தண்ணீர், இன்னொன்றில் பாதி ஆற்றுத் தண்ணீர் எடுத்து, சம அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள்.

பதில் 2 (அம்மாபேட்டை, நெசவுக் குடும்பம்):
தண்ணீரைவிட எனக்கு உங்கள் சோப்பின் மீதுதான் வருத்தம். பட்டு புரத இழை. சலவை சோடாவும் காரம் மிகுந்த சோப்பும் அதை நலிவடையச் செய்யும், உச்சி வெயில் மஞ்சளாக்கும், பிளீச்சிங் பவுடர் இழையையே அரித்துவிடும். நாங்கள் பூந்திக்கொட்டையை இரவே ஊற வைத்து, வடிகட்டிய நீரில் வேட்டியை மெதுவாக அமுக்கி எடுத்து, முறுக்கிப் பிழியாமல், நிழலில் உலர்த்துவோம். படிந்த பிசுக்கைக் கரைக்க, ஒரு வாளி மழைநீரில் இரண்டு கரண்டி வெள்ளை வினிகர் கலந்து சில நிமிடம் நனைத்து, பிறகு மழைநீரிலேயே நன்றாக அலசுங்கள். ஜரிகைக் கரை இருந்தால் அதை மட்டும் வாளிக்கு வெளியே பிடித்துக்கொள்ளுங்கள், அமிலம் பட்டால் கருக்கும். விறைப்பு குறையும். வெயிலால் வந்த பழுப்பு முழுதாகப் போகாது.

பதில் 3 (ஏற்காடு):
எங்கள் ஊற்றுத் தண்ணீரில் சிறிது சோப்பே பொங்கி நுரைத்து, எத்தனை முறை அலசினாலும் வழுவழுப்பு விடுவதில்லை. ஆகவே இதுபோல் கடினத்தன்மை குறைந்த மென்னீர் உள்ளவர்கள் சோப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். தங்கிய சோப்பும் துணியைப் பழுப்பாக்கும்.

கேட்டவர்:
புட்டிச் சோதனையைச் செய்தேன். ஆற்றுத் தண்ணீரில் நுரை விரலளவு நின்றது. போர் தண்ணீரில் நுரையே எழவில்லை. திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. மாடியில் பிடித்த மழைநீர் அரை டிரம் இருக்கிறது. பூந்திக்கொட்டையை இன்றிரவே ஊற வைக்கிறேன்.