2.25 லட்சத்துக்குள் பழைய கார்: வேகன்ஆரா, ஸ்விஃப்ட் டீசலா?

கேள்வி (திருநெல்வேலி):
கையில் மொத்தமே இரண்டேகால் லட்சம், லோன் போடும் எண்ணம் இல்லை. அப்பாவை மாதம் ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், மற்றபடி டவுனுக்குள் ஓட்டம்தான், மாதம் 600 கிலோமீட்டர் தாண்டாது. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2012 வேகன்ஆர் பெட்ரோல், முதல் ஓனர், 71,000 கி.மீ., 2.10 சொல்கிறார். இன்னொன்று 2014 ஸ்விஃப்ட் டீசல், டிஎன் 69 (தூத்துக்குடி ரெஜிஸ்ட்ரேஷன்), மூன்றாவது ஓனர், புரோக்கர் 1.95-க்கே முடித்துத் தருகிறேன் என்கிறார். மைலேஜுக்கு டீசல்தான் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில் (கோவை):
600 கிலோமீட்டருக்கு எதுக்கு டீசல்? மைலேஜில் மிச்சம் பிடிக்கும் காசை ஒரே ஒரு இன்ஜெக்டர் வேலை சாப்பிட்டுவிடும், டர்போவும் கிளட்ச்சும் வந்தால் கேட்கவே வேண்டாம். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவர்களுக்கு அது சரி.

பதில் (தூத்துக்குடி):
அண்ணே, டிஎன் 69 என்று சொன்னதும்தான் எழுதுகிறேன். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது, எங்கள் பக்கம் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. எல்லா டிஎன் 69 வண்டியும் அப்படி என்று சொல்லவில்லை, ஆனால் விலை இவ்வளவு இறங்கினால் சந்தேகப்படத்தான் வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கோடு இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழி, மிதியடிக்குக் கீழே உள்ள கார்பெட், சீட்டைத் தாங்கும் தண்டவாளத்தில் துரு, இதெல்லாம் வாட்டர் வாஷ் போட்டாலும் மறையாது. இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரமும் கேளுங்கள்.

பதில் (மதுரை, ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன்):
வேகன்ஆரில் இருப்பது 998 சிசி, டைமிங் செயின் உள்ள இன்ஜின், பெல்ட் மாற்றும் செலவு கிடையாது, எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும். ஆனால் மாடல் நல்லது என்பதால் அந்த வண்டியும் நல்லது என்று ஆகிவிடாது. காலையில் போங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள், போனதும் பானட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. 71,000 என்பதை மீட்டரை வைத்து நம்பாதீர்கள், கிளட்ச் பெடல் ரப்பர் மொட்டையாகியிருக்கிறதா, ஸ்டீயரிங் வழவழப்பாகிவிட்டதா பாருங்கள், சர்வீஸ் சென்டரில் நம்பரைக் கொடுத்துப் பழைய பில் கேளுங்கள்.

கேட்டவர்:
நேற்று இரண்டையும் பார்த்தேன். ஸ்விஃப்ட்டில் ஸ்டெப்னி குழியில் காய்ந்த வண்டல். புரோக்கர் ‘பீச்சுக்குப் போயிருப்பாங்க சார்’ என்கிறார், அதோடு அதை விட்டுவிட்டேன். வேகன்ஆர் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆச்சு, புகை இல்லை. இடது முன் ஃபெண்டர் மட்டும் பெயிண்ட் நிறம் லேசாக வேறு, போல்ட்டில் ஸ்பானர் தடம். அப்புறம் ஆர்.சி.யில் ஒரு வங்கிப் பெயர் இருக்கிறது, கடன் எப்பவோ முடிந்துவிட்டது என்கிறார்.

பதில் (மதுரை, ஒர்க்‌ஷாப்):
ஃபெண்டர் போல்ட்டில் மாட்டுவது, மாற்றியிருந்தால் பரவாயில்லை. அதற்கு உள்ளே, பாடியோடு சேர்ந்திருக்கும் தகடான அப்ரானில் வெல்டிங் அல்லது பட்டி (புட்டி) பூச்சு தெரிந்தால் மட்டும் அந்த வண்டி வேண்டாம். வங்கிப் பெயர் விஷயம் சும்மா விடாதீர்கள். அவரே வங்கியில் என்.ஓ.சி. (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கி, படிவம் 35 போட்டு எச்.பி. (ஆர்.சி.யில் உள்ள வங்கி அடமானப் பதிவு) கேன்சல் செய்த பிறகுதான் முழுப் பணம், அதுவரை சின்ன அட்வான்ஸ் போதும். படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள், 14 நாளுக்குள் இன்சூரன்ஸும் உங்கள் பெயருக்கு வரட்டும். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது, பிரீமியம் கூடும்.

இன்னொன்று, 2012 வண்டிக்கு 2027-ல் 15 வருஷம் முடிகிறது, எஃப்.சி. (தகுதிச் சான்று), பசுமை வரி எல்லாம் உங்கள் தலையில்தான். அதைச் சொல்லியே 1.85-இலிருந்து பேசுங்கள். டயரும் பேட்டரியும் மாற்ற வேண்டி வரலாம், 25,000 தனியாக இருக்கட்டும்.

கேட்டவர்:
1.92-க்கு ஒத்துக்கொண்டார். 5,000 அட்வான்ஸ், என்.ஓ.சி. வந்த பிறகு மீதி. சனிக்கிழமை லிஃப்ட்டில் ஏற்றி அப்ரான் பார்க்கிறோம்.