ஃபெஞ்சல் பயிர் நிவாரணம்: திரும்பிப் போன பணத்தை மறுபடி வாங்க வழி என்ன?

வணக்கம். கடலூர் மாவட்டம், தென்பெண்ணைக் கரையோரம் எங்கள் நிலம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரில் 3 ஏக்கர் சம்பா நெல் மூழ்கிவிட்டது. கதிர் வரும் நேரம். ஒரு மூட்டைகூடத் தேறவில்லை, வயலில் மணல்தான் மிஞ்சியது.

33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000 என்று அரசு அறிவித்தது. அந்தக் கணக்கில் எங்களுக்கு இருபதாயிரத்துக்குச் சற்று மேல் வரவேண்டும். விஏஓவும் வேளாண் உதவி அலுவலரும் வயலுக்கு வந்து கணக்கெடுத்தார்கள். பட்டா, அடங்கல் (விஏஓ வைத்திருக்கும் பயிர் விவரப் பதிவு) இரண்டும் அப்பா பெயரில்தான். பட்டியலிலும் அவர் பெயர் இருக்கிறது. பக்கத்து வயல்காரர்களுக்குப் பணம் ஏறிவிட்டது, அப்பாவுக்கு மட்டும் வரவில்லை.

தாலுகா அலுவலகத்தில் கேட்டால் "பணம் திரும்பி வந்துவிட்டது" என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள், காரணம் எழுதித் தர மறுக்கிறார்கள். வங்கியில் அப்படி எந்த வரவும் பதிவாகவில்லை என்கிறார்கள். கணக்கு நடப்பில் இருக்கிறது, ஆதார் இணைப்பையும் சரிபார்த்துவிட்டோம். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் புகார் செய்தோம். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடித்துவிட்டார்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு ரசீது மட்டும் கையில் இருக்கிறது. நகைக்கடன் வட்டி ஏறிக்கொண்டே போகிறது. இந்தப் பணம் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை.

இப்படித் திரும்பிப் போன நிவாரணத்தைப் பிறகு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: மறுபடி அனுப்பச் சொல்லி எந்த அதிகாரிக்கு, என்னென்ன ஆவணங்களோடு மனு கொடுத்தீர்கள்?