பதில்: ஸ்ராட்டரின் ‘தற்செயல் பழுது’ – வேறு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

வாகனத் திருத்தச் சொற்பட்டியலில் ‘intermittent fault’ என்பதற்கு இட்டிருக்கும் ‘தற்செயல் பழுது’ எனக்கு ஒவ்வவில்லை. எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மோட்டாரான ஸ்ராட்டர் இருந்திட்டு ஒருக்கா மக்கர் பண்ணுவதில் தற்செயல் எதுவும் இல்லை. காரணம் எப்போதும் உள்ளேதான் இருக்கும், சூடு ஏறினால்தான் வெளியே வரும்.

பருத்தித்துறை வீதியில் ஓடும் பழைய ஹயஸ் வானை எடுங்கள். விடியப்புறம் ஒரே திருப்பில் ஸ்ராட் ஆகும். நெல்லியடியில் ஆட்களை இறக்கிச் சற்று நிறுத்திவிட்டுத் திறப்பைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. மூன்று நாலு தரம் திருப்ப, ஒன்றும் நடவாததுபோல ஸ்ராட் ஆகிவிடும். கராஜுக்குக் கொண்டுபோனாலோ, நல்ல பிள்ளை!

‘டக்’ கேட்கும் நேரத்தில் ஹெட்லைற்றைப் பாருங்கள். வெளிச்சம் மங்கிச் செத்துப்போனால் பற்றரி, அதன் முனைகள், அல்லது இறுகிய மோட்டார். வெளிச்சம் அசையாமல் நின்றால் மோட்டாருக்கு மின்னோட்டம் போகவே இல்லை. சொலினொயிட்டுக்குள், அதாவது மோட்டாருக்கு மின்னோட்டத்தைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்சுக்குள், இருக்கும் செப்புத் தொடுகைகள் தேய்ந்திருக்கலாம், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்னைக் கொடுக்கும் பிரஷ் முடிந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும், மற்றதைச் சொலினொயிட்டைத் தாண்டி மோட்டாருக்குள் போகும் முனையிலும் பிடியுங்கள். ‘டக்’ சத்தத்தோடு 12 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டினால் தொடுகைகள் கூடவில்லை. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் தொடுகை நல்லம், பிழை பிரஷ் பக்கம். சத்தமே இல்லையென்றால் திறப்பிலிருந்து வரும் சின்ன வயரில் தேடுங்கள்.

ஓம் அளவில் வைத்துப் பார்த்துவிட்டு ‘வயர் எல்லாம் சரி’ என்பவர்களை நம்பவேண்டாம். நூறில் ஒரு ஓம் தடையைச் சாதாரண மீற்றர் பிடிக்காது. 200 அம்பியர் ஓடும்போது அதுவே 2 வோல்ற்றை விழுங்கிவிடும். கடற்காற்றில் எர்த் வயரின் முனை பச்சை பூத்திருப்பது எங்கள் பக்கம் புதிதல்ல, அதையும் ஸ்ராட் பண்ணும்போதே அளக்கவேண்டும்.

சூட்டுக்கு இதில் என்ன பங்கு? செம்பின் தடை ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 30 பாகையில் இருந்த சொலினொயிட் சுருள் எஞ்சின் சூட்டில் 100ஐத் தொட்டால் தடை கால்வாசி ஏறிவிடும். சுருளில் ஓட்டம் குறைய, இழுக்கும் பலமும் குறையும். இதற்கா ‘தற்செயல்’?

என் முன்மொழிவு: ‘இடைக்கிடைப் பழுது’. ‘சொலினொயிட்’டுக்கு வெறும் ‘வரிச்சுருள்’ என்று போட்டிருப்பதையும் மாற்றவேண்டும். அது சுருளை மட்டும் குறிக்கும். இங்கே தேய்வதோ தொடுகை. ‘வரிச்சுருள் ஆளி’ என்றால் (ஆளி என்பது சுவிட்ச்) இரண்டும் அடங்கும்.

– கோண்டாவிலிலிருந்து

*

‘தற்செயல்’ போகட்டும். ஆனால் ‘இடைக்கிடை’ பேச்சுமொழி, பட்டியலில் நிற்குமா? 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் கிறீன் வைத்தியர் மருத்துவ நூல்களைத் தமிழாக்கியது எங்கள் ஊரில்தான். மருத்துவத்தில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ‘முறைக்காய்ச்சல்’ இருக்கிறதே, அதைப் பின்பற்றி ‘முறைப்பழுது’ என்று வைத்தால் என்ன? ‘ஆளி’யைத் தமிழ்நாட்டார் விதை என்று நினைப்பார்கள், பரவாயில்லையா?

– மானிப்பாயிலிருந்து

*

முறைக்காய்ச்சல் நாள் கணக்கு வைத்து வரும், இன்றைக்கு விட்டால் நாளைக்கோ மறுநாளோ என்று சொல்லலாம். ஸ்ராட்டர் அப்படிக் கணக்கு வைப்பதில்லை. கராஜில் ‘இடைக்கிடை’ என்றால் பழகுகிற பெடியனுக்கும் விளங்கும். பேச்சுமொழி என்பது குறையாக எனக்குத் தெரியவில்லை.

‘ஆளி’ எங்கள் விஞ்ஞானப் பாடநூல்களில் ஊறிய சொல். எண்ணெய்க் கடையில் யாரும் வரிச்சுருள் ஆளி கேட்கப்போவதில்லை, விடுங்கள்.

பட்டியலில் இப்படி இடலாம்:

இடைக்கிடைப் பழுது: சூடு, ஈரம், அதிர்வு, சுமை போன்ற ஒரு நிலை கூடும்போது மட்டும் தோன்றி, அந்நிலை நீங்க மறையும் பழுது. திருத்துபவர் முதலில் அந்நிலையை உண்டாக்கவேண்டும். பாகத்தை மாற்றுவது பிறகு.

– கோண்டாவில்